குளம் இருந்தும் நீர் ஏன் கலங்கி வருகிறது?

கிள்ளானில் நான் பாடம் நடத்தும் பள்ளியின் பின்வேலியை ஒட்டி ஒரு பெரிய கால்வாய் ஓடுகிறது. சென்ற ஆண்டு அதற்கு அப்பால் இருந்த செம்மண் மேட்டைச் சமன்செய்து வீடுகள் கட்டத் தொடங்கினார்கள். பிற்பகல் மூன்று மணிக்கு மழை பிடித்தால் போதும், கால்வாய் நீர் தே தாரிக் நிறத்துக்கு மாறிவிடும். மேட்டின் அடிவாரத்தில் குத்தகையாளர் ஒரு குளம் வெட்டி வைத்திருந்தார். சேற்றைப் பிடித்து வைப்பதற்கான குளம் அது. அதைச் சன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்த இரண்டாம் படிவ மாணவன் ஒருவன் கேட்டான்: "சார், குளந்தான் தோண்டி வெச்சிருக்காங்களே, அப்புறம் ஏன் தண்ணி இன்னும் இப்படியே வருது?"

அன்று மணி அடித்துவிட்டதால் பாதிப் பதில்தான் சொன்னேன். மீதியை இங்கே சொல்கிறேன். அதற்கு நாம் முதலில் பழைய சுரங்கங்களைப் பார்த்துவிட்டு வர வேண்டும். சேற்றுநீரைப் பற்றி மனிதர்கள் கற்றுக்கொண்டதில் பெரும்பகுதி சுரங்கங்களில் கற்றுக்கொண்டதுதான்.

நகரத்தை மூடிய மணல்

கோலாலம்பூர் என்றால் சேற்று முகத்துவாரம் என்று உங்களுக்குத் தெரியும். மஸ்ஜிட் ஜாமெக் எல்.ஆர்.டி. நிலையத்தில் இறங்கினால், கோம்பாக் ஆறும் கிள்ளான் ஆறும் சேரும் அந்த இடத்தைப் பார்க்கலாம். 1857இல் 87 சீனத் தொழிலாளர்கள் ஆற்றில் இதுவரை வந்து, காட்டுக்குள் நடந்து அம்பாங்கில் ஈயம் தோண்டினார்கள். ஒரே மாதத்தில் காய்ச்சலில் 69 பேர் இறந்தார்கள். எஞ்சியவர்கள் தோண்டியதில் தொடங்கியதுதான் இந்த நகரம்.

ஈயத்தை எடுத்த முறையைக் கவனியுங்கள். பீய்ச்சியடிக்கும் நீரால் மண் சரிவை உடைப்பார்கள். கரைந்த சேற்றைப் பம்பு மூலம் உயரத்தில் இருக்கும் பாலோங் என்ற மரத் தொட்டிக்கு ஏற்றி, சரிவாக ஓடவிடுவார்கள். ஈயக் கனிமத்தின் அடர்த்தி நீரைப் போல் ஏறத்தாழ ஏழு மடங்கு. அது தொட்டியின் அடியில் தங்கிவிடும். மணலும் சேறும் நீரோடு போய்விடும். எங்கே போகும்? ஆரம்பக் காலத்தில் யாரும் அதைப் பெரிதாகக் கேட்கவில்லை. பக்கத்து ஆற்றில் விட்டார்கள்.

விளைவைப் பார்க்க வேண்டுமானால் கோலாலம்பூருக்கு வடக்கே உள்ள கோலகுபுவுக்குப் போக வேண்டும். 1883 அக்டோபரில் அங்கே ஒரு பழைய அணை உடைந்து, வெள்ளத்தில் மாவட்ட அதிகாரி சிசில் ரேங்கிங் உட்படப் பலர் இறந்தார்கள். அந்தப் பகுதிக்கு இன்றும் அம்பாங் பெச்சா என்றுதான் பெயர். 'உடைந்த அணை' என்று பொருள். ஆனால் ஊரை முடித்தது அந்த ஒரு நாள் வெள்ளம் அல்ல. ஆற்றின் மேல்பகுதியில் காட்டை அழித்து ஈயம் எடுத்தபோது கழுவப்பட்ட மண், ஆண்டுக்கணக்கில் ஆற்றில் இறங்கி வந்தது. ஆற்றுப் படுகை உயர்ந்துகொண்டே போனது. படுகை உயர்ந்தால் சாதாரண மழைக்கும் நீர் கரை தாண்டும்; தாண்டும்போது மணலையும் ஊருக்குள் கொண்டுவந்து போடும். 1926இல் பெருவெள்ளம் வந்தது. பழைய ஊரின் பெரும்பகுதி மணலுக்கும் சேற்றுக்கும் அடியில் போக, மேட்டில் புதிய நகரம் ஒன்றைத் திட்டமிட்டு மக்களைக் குடியேற்றினார்கள். 1931இல் அப்படி உருவானதுதான் இன்றைய கோலகுபு பாரு.

ஓர் அணை உடைந்தால் செய்தியாகிறது. நாளுக்கு ஒரு கைப்பிடி மணல் சேர்ந்தால் யாரும் கவனிப்பதில்லை. பள்ளிக் கால்வாய் நிறம் மாறுவதைப் பார்த்துக் கேள்வி கேட்ட அந்தப் பையனை எனக்குப் பிடித்துப்போனதற்குக் காரணம் இதுதான்.

நிலக்கரிக்கு வருவோம்

சிலாங்கூரில் நிலக்கரிச் சுரங்கம் இருந்தது என்று சொன்னால் வகுப்பில் பாதிப் பேர் நம்ப மாட்டார்கள். ஊர்ப் பெயரே பத்து ஆராங். மலாயில் அதற்கு நிலக்கரி என்றுதான் பொருள். 1908இல் அங்கே நிலக்கரி இருப்பது தெரிய வந்தது. ஜே. ஏ. ரசல் என்பவரின் முயற்சியில் மலாயன் காலியரிஸ் நிறுவனம் 1915 முதல் வெட்டி எடுத்தது. மலாயா ரயில்களும் மின் நிலையங்களும் அந்த நிலக்கரியால் ஓடின. சீனர்களோடு தமிழர்களும் அங்கே உழைத்தார்கள். நிலத்துக்கு அடியில் குடைந்தும், மேலிருந்து திறந்த பள்ளமாக வெட்டியும் இரு முறைகளில் எடுத்தார்கள். 1960இல் சுரங்கம் மூடப்பட்டது. திறந்த பள்ளங்களில் நீர் நிறைந்து இன்று ஏரிகளாகக் கிடக்கின்றன.

சுரங்கம் மூடப்பட்டாலும் நிலக்கரிக்கும் நமக்கும் உள்ள உறவு அறுந்துவிடவில்லை. நம் கிள்ளானுக்குப் பக்கத்தில் காப்பார் மின் நிலையம் இருக்கிறது. அங்கே எரியும் நிலக்கரி இந்தோனேசியாவிலிருந்தும் வேறு நாடுகளிலிருந்தும் கப்பலில் வருகிறது. கிழக்குக் கலிமந்தானில் மேல்மண்ணை அகற்றி, திறந்தவெளியில்தான் அதைத் தோண்டுகிறார்கள். அங்கே பெய்யும் மழையும் நம்முடைய மழையைப் போன்றதுதான். மாலையில் வந்து ஒரு மணி நேரத்தில் கொட்டித் தீர்த்துவிடும். நீங்கள் இரவில் விளக்கைப் போட்டுப் படிக்கும்போது, எங்கோ ஒரு செம்மண் பள்ளத்தில் மழைநீர் தேங்கியிருக்கிறது என்று வைத்துக்கொள்ளலாம்.

திறந்தவெளிச் சுரங்கம் என்பது ஒரு பிரம்மாண்டமான கிண்ணம். அதற்குள் மூன்று வழிகளில் நீர் வருகிறது. ஒன்று, நேராக வானத்திலிருந்து விழும் மழை. இரண்டு, சுற்றியுள்ள மேட்டிலிருந்து ஓடி வருவது. மூன்று, அடியிலிருந்து ஊறுவது. மூன்றாவதுக்குத் தமிழ்நாட்டின் நெய்வேலியைவிடச் சிறந்த எடுத்துக்காட்டு கிடைக்காது. அங்கே பழுப்பு நிலக்கரிப் படிவத்துக்குக் கீழே நிலத்தடி நீர் பெரும் அழுத்தத்தில் நிற்கிறது. அழுத்தத்தைக் குறைக்காமல் தோண்டினால் பள்ளத்தின் தரையையே அது உடைத்துக்கொண்டு வரும். அதனால் குழாய்க் கிணறுகளில் இரவு பகலாக நீரை இறைத்தபடியே தோண்டினார்கள். 1961இல்தான் நிலக்கரி கண்ணில் பட்டது. இன்றும் இறைப்பு நிற்கவில்லை.

நம் கேள்விக்கு முக்கியமானவை முதல் இரண்டு. அனுபவமுள்ள சுரங்கப் பொறியாளர் முதலில் குளம் வெட்ட மாட்டார். பள்ளத்தைச் சுற்றி மேட்டுப் பக்கத்தில் ஒரு வடிகால் வெட்டுவார். காட்டிலிருந்து வரும் தெளிந்த நீர் பள்ளத்தைத் தொடாமலேயே சுற்றிப் போய் ஆற்றில் சேர்ந்துவிடும். தெளிந்த நீரைச் சேற்றில் கலந்துவிட்டுப் பிறகு பிரித்தெடுக்கப் பாடுபடுவது வீண்வேலை. அடுத்து, தோண்டாத இடத்தில் செடிகொடிகளை அப்படியே விட்டுவைப்பார். வெட்டிப்போட்ட மேல்மண் குன்றைப் படிப்படியாக அமைத்து, அதன்மேல் கொடிப்பயிர் படரவிடுவார்.

இது நமக்குப் புதிதல்ல. தோட்டத்தில் வேலை செய்த உங்கள் தாத்தா பாட்டியிடம் கேட்டுப் பாருங்கள். ரப்பர் மரங்களுக்கிடையே கொடிப்பயிர் படரவிட்டதையும், சரிவின் குறுக்கே வரிசையாகக் குழிகள் தோண்டியதையும் சொல்வார்கள். மழைத்துளி வெறும் மண்ணில் விழும்போது ஒரு சிறிய குண்டு போலத் துகள்களைச் சிதறடிக்கிறது. இலையில் விழுந்தால் அந்த வேகம் அங்கேயே முடிந்துவிடும். மீறி ஓடும் மண் குழியில் விழும். சுரங்கத்தில் செய்வதும் அதே வேலைதான், பெரிய இயந்திரங்களைக் கொண்டு.

இத்தனைக்குப் பிறகும் பள்ளத்துக்குள் விழும் மழை கலங்கத்தான் செய்யும். அதைப் பள்ளத்தின் தாழ்ந்த மூலையில் தேக்கி, பம்பு மூலம் மேலே ஏற்றி, வண்டல் குளத்துக்கு அனுப்புகிறார்கள். இங்கேதான் கணக்கு ஆரம்பிக்கிறது.

ஒரு மீட்டர் விழ எவ்வளவு நேரம்?

ஜார்ஜ் கேப்ரியல் ஸ்டோக்ஸ் என்ற விஞ்ஞானி 1851இல் ஒரு விதியைக் கண்டறிந்தார். நீரில் மெதுவாக விழும் சிறிய உருண்டையின் வேகம் அதன் விட்டத்தின் இருமடிக்கு, அதாவது வர்க்கத்துக்கு, ஏற்ப மாறும். துகள் பத்து மடங்கு சிறியதானால் வேகம் நூறு மடங்கு குறையும். இந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டால் மற்றவை தானாக வரும்.

நம் நாட்டு வெப்பநிலையில் உள்ள அசையாத நீரில் 0.1 மில்லிமீட்டர் நுண்மணல் ஒரு மீட்டர் கீழே விழ ஏறக்குறைய இரண்டு நிமிடம் போதும். 0.01 மில்லிமீட்டர் வண்டல் துகளுக்கு இரண்டரை மணி நேரம் ஆகும். 0.001 மில்லிமீட்டர் களிமண் துகளுக்குப் பத்து நாள்! கோப்பி ஓ ஆறும்போது கசடு அடியில் தங்குவதைப் பார்த்திருப்பீர்கள். பருத்த கசடு உடனே தங்கிவிடும். பொடிக் கசடு கடைசி மடக்குவரை நாக்கில் ஒட்டும்.

நிலக்கரித் தூளுக்கு இன்னொரு சிக்கல் உண்டு. மண் துகளின் அடர்த்தி நீரைப் போல் 2.65 மடங்கு, நிலக்கரியுடையது ஏறத்தாழ 1.3 முதல் 1.4 வரைதான். விழச் செய்வது நீரைவிடக் கூடுதலாக இருக்கும் அடர்த்திதான். ஒன்றுக்கு 1.65, மற்றதற்கு 0.35 மட்டும். ஆகவே ஒரே அளவுள்ள மண் துகளோடு ஒப்பிட்டால் நிலக்கரித் துகள் ஐந்தில் ஒரு பங்கு வேகத்தில்தான் இறங்கும். சுரங்கத்திலிருந்து வரும் கறுப்பு நீர் எளிதில் தெளியாததற்கு இதுவும் ஒரு காரணம்.

இப்போது குளத்தின் அளவைக் கணக்கிடுவோம். தாளும் பேனாவும் எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு ஹெக்டர் வெறும் நிலத்தில் ஒரு மணி நேரத்தில் 60 மில்லிமீட்டர் மழை பெய்கிறது என்று கொள்வோம். கிள்ளான் பள்ளத்தாக்கில் இப்படிப்பட்ட மழை அதிசயமல்ல. 10,000 சதுர மீட்டரை 0.06 மீட்டரால் பெருக்கினால் 600 கன மீட்டர். அதில் 70 விழுக்காடு வழிந்தோடினால் 420 கன மீட்டர். வண்டல் துகள் ஒரு மணி நேரத்தில் 40 சென்டிமீட்டர், அதாவது 0.4 மீட்டர் விழும் என்று பார்த்தோம். 420ஐ 0.4ஆல் வகுத்தால் 1,050. ஆக, குளத்தின் பரப்பளவு 1,050 சதுர மீட்டர் இருக்க வேண்டும். ஏறக்குறைய 13 பூப்பந்து மைதானங்கள்!

ஆழத்தைப் பற்றி ஏன் பேசவில்லை என்று கேட்பீர்கள். என்னையும் முதலில் குழப்பியது அதுதான். குளத்தை இரு மடங்கு ஆழமாக்கினால் நீர் அதில் இரு மடங்கு நேரம் தங்கும். உண்மைதான். ஆனால் துகளும் அடியைத் தொட இரு மடங்கு தூரம் விழ வேண்டும். இரண்டும் ஒன்றுக்கொன்று ஈடாகிவிடுகின்றன. துகளைப் பிடிப்பது பரப்பளவு. ஆழம் உதவுவது பிடித்த சேற்றைச் சேர்த்து வைக்க.

சரி, களிமண்ணுக்கு இதே கணக்கைப் போடுங்கள். அது மணிக்கு 4 மில்லிமீட்டர்தான் விழுகிறது. 420ஐ 0.004ஆல் வகுத்தால் 1,05,000 சதுர மீட்டர். பதினைந்து காற்பந்துத் திடல்கள். ஒரு ஹெக்டர் சுரங்கத்துக்குப் பத்தரை ஹெக்டர் குளம்! எந்த நிறுவனமும் வெட்டாது. வெட்ட இடமும் கிடைக்காது.

களிமண்ணை ஏமாற்றும் வழி

பிரிக்பீல்ட்ஸ் என்ற பெயர் செங்கல்லால் வந்தது. 1881இல் கோலாலம்பூர் முதலில் தீயாலும் பிறகு வெள்ளத்தாலும் அழிந்தது. அத்தாப்புக் கூரைக்குப் பதிலாகச் செங்கல்லில் கட்டத் தொடங்கியபோது, அங்கே களிமண் எடுத்துச் சூளை வைத்தார்கள். செங்கல்லுக்கு ஏற்ற அந்த நுண்மைதான் குளத்தில் நமக்கு எதிரி.

களிமண் துகள்கள் பொதுவாக எதிர்மின்னூட்டம் கொண்டவை. ஒத்த மின்னூட்டங்கள் ஒன்றையொன்று தள்ளும் என்று படித்திருக்கிறீர்கள். அதனால் அவை ஒட்டாமல் தனித்தனியே மிதக்கின்றன. நீரில் படிகாரம் போன்ற அலுமினிய உப்பைக் கலந்தால் அதன் நேர்மின்னூட்டம் இந்தத் தள்ளலைக் குறைக்கிறது. துகள்கள் திரண்டு பஞ்சு போன்ற கட்டிகளாகின்றன. கட்டி பெரிதானால் விட்டம் கூடும். விட்டம் கூடினால் வேகம் அதன் வர்க்கமாகக் கூடும். பத்து நாள் வேலை சில மணி நேரத்தில் முடியும். நம் குடிநீர்ச் சுத்திகரிப்பு நிலையங்களிலும் இதையே செய்கிறார்கள். தமிழ்நாட்டுக் கிராமங்களில் பானையின் உட்புறத்தில் தேற்றாங்கொட்டையை உரைத்துக் கலங்கிய நீரைத் தெளியவைத்ததும் இதே வகை வேலைதான். முருங்கை விதைக்கும் அந்தக் குணம் உண்டு.

அளவு முக்கியம். படிகாரம் அதிகமானால் நீர் அமிலத்தன்மை பெறும். ஆற்றில் மீனுக்கு அலுமினியமும் ஆகாது. நிலக்கரிச் சுரங்கத்தில் அமிலத் தொல்லை வேறு வழியிலும் வரலாம். நிலக்கரியோடு சேர்ந்து பைரைட் என்ற இரும்பு சல்பைடு இருந்தால், அது காற்றோடும் நீரோடும் வினைபுரிந்து கந்தக அமிலத்தை உண்டாக்கும். அப்போது நீர் கண்ணாடி போலத் தெளிவாக இருக்கும். தெளிவாக இருப்பதெல்லாம் நல்ல நீர் என்று நினைத்துவிடாதீர்கள். அதைச் சுண்ணாம்பால் நடுநிலையாக்கிய பிறகே வெளியே விட வேண்டும். இந்தோனேசியாவில் நிலக்கரிச் சுரங்க நீருக்கு 2003இல் வகுத்த விதி இரண்டையும் கேட்கிறது: பிஎச் 6க்கும் 9க்கும் இடையே இருக்க வேண்டும், மிதக்கும் துகள் லிட்டருக்கு 400 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது. நம் நாட்டில் 2009ஆம் ஆண்டின் தொழிற்சாலைக் கழிவுநீர் விதிகள் மிதக்கும் துகளுக்கு இடத்தைப் பொறுத்து 50 அல்லது 100 மில்லிகிராம் என்று வரம்பு வைத்திருக்கின்றன.

400 மில்லிகிராம் என்பது ஒரு சிட்டிகை. கேட்கச் சிறிதாகத்தான் இருக்கிறது. நம் ஒரு மணி நேர மழையின் 420 கன மீட்டரோடு பெருக்கிப் பாருங்கள்: 168 கிலோ மண். குளமே இல்லாமல் லிட்டருக்கு 10 கிராம் மண் போகிறது என்று வைத்துக்கொண்டால் 4,200 கிலோ. ஒரே ஹெக்டரிலிருந்து, ஒரே மாலையில், ஒரு லாரிச் சுமை.

அந்தப் பையனின் கேள்விக்குப் பதில்

ஒரு சனிக்கிழமை நான் வேலி ஓரமாக நின்று அந்தக் குளத்தை நன்றாகப் பார்த்தேன். மூன்று குறைகள் கண்ணில் பட்டன. அளவு: இரண்டு பூப்பந்து மைதானம் இருந்தால் அதிகம். நீர் நுழையும் குழாயும் வெளியேறும் குழாயும் ஒரே கரையில், பக்கத்துப் பக்கத்தில் இருந்தன. நீர் குளத்தைச் சுற்றாமல் குறுக்கு வழியில் ஓடிவிடும். மீதிக் குளம் சும்மா கிடக்கும். நீளமாக வெட்டி, எதிரெதிர் முனைகளில் குழாய் வைத்திருக்க வேண்டும். மூன்றாவதுதான் மோசம். குளம் ஏற்கெனவே நிரம்பியிருந்தது, நீரால் அல்ல, சேற்றால். அதன்மேல் புல்லே முளைத்துவிட்டது. அடுத்த மழை வந்தால் புதுச் சேறு தங்க இடமில்லை. பழைய சேறும் கிளம்பிவிடும்.

குளம் வெட்டுவது ஒரு நாள் வேலை. தூர் வாருவது ஒவ்வொரு மாதமும் செய்ய வேண்டிய வேலை. அதைப் படம் பிடித்துப் பத்திரிகையில் போட யாரும் வருவதில்லை. பள்ளி வழியாக ஒரு கடிதம் எழுதினோம். சில வாரங்கள் கழித்து ஒரு பேக்ஹோ வந்து சேற்றை அள்ளியது. குழாய்களின் இடம் மட்டும் இன்னும் மாறவில்லை. அள்ளிய சேற்றைக் கரையிலேயே குவித்துவிட்டுப் போனார்கள் என்பது வேறு கதை.

இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. ஒரு காலத்தில் ஆற்றில் சேற்றைக் கொட்டிய ஈயச் சுரங்கங்களின் பள்ளங்கள் இன்று வெள்ளத்தைத் தாங்க உதவுகின்றன. 2007இல் திறக்கப்பட்ட ஸ்மார்ட் சுரங்கப்பாதை 9.7 கிலோமீட்டர் நீளம். கிள்ளான் ஆற்றின் வெள்ளத்தை நகரத்துக்கு அடியில் கொண்டுபோய் அது விடும் இடம் தாமான் டேசாவில் உள்ள ஒரு பழைய ஈயக்குட்டை. பெரிய வெள்ளத்தின்போது சாலைப் பகுதிக்குள்ளும் நீரை விட்டால், பிறகு சேற்றைக் கழுவி எடுத்த பின்னரே கார்களை உள்ளே விடுகிறார்கள். பத்து, ஜிஞ்சாங் வட்டாரத்துக் குட்டைகளும் இப்படித்தான் வெள்ளநீரைத் தேக்குகின்றன. அவற்றையும் தூர் வாரத்தான் வேண்டும்.

இந்த வாரம் நீங்கள் செய்து பார்க்க ஒன்று சொல்கிறேன். ஒன்றரை லிட்டர் மினரல் வாட்டர் போத்தல்கள் இரண்டு எடுங்கள். இரண்டிலும் பள்ளித் திடல் மண் ஒரு கைப்பிடி போட்டு, நீர் நிரப்பி, மூடிக் குலுக்குங்கள். ஒன்றில் மட்டும் மளிகைக் கடையில் கிடைக்கும் படிகாரத்தைப் பொடித்துக் கால் தேக்கரண்டி சேர்த்து, மீண்டும் ஒரு நிமிடம் மெதுவாக ஆட்டி, இரண்டையும் அசையாத மேசையில் வையுங்கள். ஒரு நிமிடம், ஒரு மணி நேரம், ஒரு நாள், மூன்று நாள் என்று நான்கு முறை, போத்தலுக்குப் பின்னால் செய்தித்தாளை வைத்து எழுத்து தெரிகிறதா என்று குறித்துக்கொள்ளுங்கள். போத்தலின் உயரம் ஏறத்தாழ 30 சென்டிமீட்டர். மேலே சொன்ன வேகங்களை வைத்து, படிகாரம் போடாத போத்தலில் எந்தத் துகள் எப்போது அடியைத் தொடும் என்று முன்கூட்டியே கணக்கிட்டு எழுதி வைத்துவிட்டுத் தொடங்குங்கள். போத்தலில் உள்ள நீரை யாரும் குடிக்க வேண்டாம். முடிந்ததும் பூச்செடிக்கு ஊற்றிவிடலாம், கால்வாயில் ஊற்றாதீர்கள்.